மீன் பெட்டி ரீடரை லினக்ஸ் போர்டோடு இணைக்க எந்த வழி? பாம்பன் கரைக்கான ஓர் ஒப்பீடு

பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம் கரைகளிலிருந்து இறாலும் நண்டும் கணவாயும் ஐஸ் போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் லாரி ஏறித் தூத்துக்குடிக்கும் கேரளத்துக்கும் போகின்றன. சரக்குக்கான பணம் வந்து சேர்ந்துவிடுகிறது. பெட்டிகள்தாம் முழுதாகத் திரும்புவதில்லை. எந்த வியாபாரியிடம் எத்தனை பெட்டி நிற்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கும் கணக்கப்பிள்ளைக்கும், எல்லாவற்றையும் இறக்கிவிட்டதாகச் சொல்லும் லாரிக்காரருக்கும் நடக்கும் வாக்குவாதத்துக்கு முடிவுகட்ட ஒரு வழி உண்டு: ஒவ்வொரு பெட்டியிலும் ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் ஓர் ஆர்எஃப்ஐடி டேக்கைப் பொருத்தி, எடைபோடும் இடத்தில் அதைப் படிக்கும் ஒரு ரீடரை வைத்து, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறிய கணினிப் போர்டு ஒன்றிடம் கணக்கை ஒப்படைத்துவிடுவது.

டேக், ரீடர், போர்டு மூன்றும் எளிதில் கிடைக்கின்றன. ரீடரையும் போர்டையும் எந்த வழியில் இணைப்பது என்பதில்தான் தயக்கம் எழுகிறது. எஸ்பிஐ, ஐ2சி, யுஏஆர்டி எனப்படும் சீரியல், யுஎஸ்பி கீபோர்டு வகை, வீகண்ட், ஆர்எஸ்-485, ஈதர்நெட் என்று வழிகள் பல. இவற்றை வேகத்தையும் விலையையும் வைத்துத் தரம் பிரிப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டியின் எண் என்பது சில பைட்டுகளே என்பதால் வேகம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. ரீடர்களுக்கிடையிலான விலை வேறுபாடும் தொலைந்துபோகும் சில பெட்டிகளின் விலைக்குள் அடங்கிவிடும். இந்தக் கரையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு. ரீடருக்கும் போர்டுக்கும் இடையே எத்தனை மீட்டர் ஒயர் போகிறது என்பது ஒன்று. அந்த வழியில் எத்தனை இணைப்புமுனைகள் உப்புக்காற்றில் திறந்து கிடக்கின்றன என்பது மற்றொன்று.

ஒப்பிடுவதற்கு ஓர் இடத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தென்கடல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதன் நடுவே எலெக்ட்ரானிக் தராசு. தராசுக்கு அருகிலேயே ஐஸ் பாரை உடைக்கும் எந்திரம். அந்த எந்திரத்தின் மோட்டார் நாள் முழுவதும் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். கணக்கப்பிள்ளையின் அறை பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, கதவுள்ள கட்டடத்தில் இருக்கிறது. மின்சாரமும் இணையமும் அங்கே இருப்பதால் போர்டையும் அங்கேயே வைக்கத்தான் எவருக்கும் தோன்றும்.

முதலில் அலைவரிசை

இணைப்பு வழியைப் பேசுவதற்கு முன் டேக்கின் அலைவரிசையை முடிவு செய்தாக வேண்டும், ஏனெனில் அது சில வழிகளைத் தானாகவே அடைத்துவிடும். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் வழியாக எல்லாருக்கும் அறிமுகமான யுஎச்எஃப் வகை, இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் வேண்டாத அலைவரிசையில் இயங்குகிறது. பல மீட்டர் தொலைவிலிருந்து பல டேக்குகளை ஒருசேரப் படிக்கும். எச்எஃப் வகை 13.56 மெகாஹெர்ட்ஸிலும், எல்எஃப் வகை 125 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. இங்கே நாம் பேசும் சிறிய ரீடர்களில் இரண்டுமே சில சென்டிமீட்டருக்குள்தான் படிக்கும்.

தொலைவைப் பார்த்து யுஎச்எஃப் பக்கம் சாய்வதற்குமுன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மீனும் ஐஸும் உப்புநீரும் அலையை விழுங்கக் கூடியவை. கடல்நீரின் மின்கடத்துத் திறனை வைத்துக் கணக்கிட்டால், 125 கிலோஹெர்ட்ஸ் புலம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் ஆழம் போன பிறகுதான் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைகிறது, 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த ஆழம் 7 சென்டிமீட்டர். யுஎச்எஃபுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே. பெட்டியின் பக்கவாட்டில் வழியும் ஐஸ்தண்ணீர் சில மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால் எல்எஃப், எச்எஃப் இரண்டுக்கும் அது தடையாகாது. நிறைந்த பெட்டிகளை அடுக்கி வைத்த லாரியை யுஎச்எஃப் ரீடர் முழுதாகப் படிக்கும் என்று நம்பித் திட்டமிடுவதோ சரியாக இராது.

பெட்டிக்கு எண் ஒன்று இருந்தால் போதும்; டேக்கில் எதையும் எழுதி வைக்கத் தேவையில்லை. ஆகவே எடைபோடும் இடத்துக்கு 125 கிலோஹெர்ட்ஸும், மாற்ற முடியாத எண் ஒன்றை மட்டும் தாங்கிய இஎம்4100 வகை டேக்கும் போதும் என்பது என் முடிவு. நடுவில் துளையுள்ள வட்ட வடிவ டேக்கைப் பிளாஸ்டிக் ரிவெட்டால் பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே அடித்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸையும் கீழே ஒப்பிடுவதற்குக் காரணம், சந்தையில் முதலில் கைக்குக் கிடைக்கும் ரீடர் பெரும்பாலும் அந்த வகையாக இருப்பதே.

எஸ்பிஐ: பெட்டிக்குள் இருக்கும்வரை நல்லது

எம்எஃப்ஆர்சி522 என்ற சிப் அமைந்த நீல நிற ரீடர் மிக மலிவானது; கற்றுக்கொள்ளத் தொடங்கும் மாணவர் ஏறக்குறைய எல்லாரும் தொடங்குவது இதில்தான். அந்தச் சிப் எஸ்பிஐ, ஐ2சி, யுஏஆர்டி மூன்றையும் அறியும் என்றாலும், விற்பனைக்கு வரும் போர்டில் எஸ்பிஐ மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். மின்னூட்டமும் எர்த்தும் சேர்த்து ஏழு ஒயர்கள் தேவை. 3.3 வோல்ட்டில் இயங்குவதால் ராஸ்பெரி பையின் பின்களோடு நேராகச் சேரும் என்பது இதன் வசதி.

இதன் குறை ஒயரின் நீளத்தில் தொடங்குகிறது. எஸ்பிஐ ஒரே சர்க்யூட் போர்டில் இருக்கும் சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக வகுக்கப்பட்டது. கடிகாரத் துடிப்பும் தரவும் தனித்தனி ஒயர்களில் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும். ஒரு சாண் நீளம்வரை தொல்லை இல்லை. ஒரு மீட்டரைத் தாண்டினால் கடிகார வேகத்தைக் குறைத்தும், ஒயர்களுக்கிடையே எர்த் ஒயரை ஓடவிட்டும் சமாளிக்க வேண்டியிருக்கும். இருபது மீட்டர் என்பது பேச்சுக்கே இடமில்லாதது. மேலும் ஆன்டெனா அதே போர்டில் அச்சிடப்பட்டிருப்பதால், ரீடரைத் தராசுக்கு அருகில் வைத்தால் லினக்ஸ் போர்டும் அங்கே வந்தாக வேண்டும். ஏழு ஒயர்களுக்குப் பதினான்கு முனைகள். அவற்றைப் பின்னில் செருகும் ஜம்பர் ஒயரால் இணைத்தால், பதினான்கும் இந்தக் காற்றில் பச்சை பூக்கக் காத்திருக்கும் இடங்கள்.

மென்பொருள் பக்கமும் இது சற்றுக் கூடுதலாக வேலை வாங்கும். எம்எஃப்ஆர்சி522 தானாக எதையும் சொல்லாது. டேக் வந்திருக்கிறதா என்று லினக்ஸ் நிரல் ஸ்பைடெவ் என்ற எஸ்பிஐ இடைமுகம் வழியாக ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கென்று எழுதப்பட்ட பழைய பைதான் நூலகங்கள் பல, ஆர்பிஐ.ஜிபிஐஓ என்ற நூலகத்தைச் சார்ந்தவை; 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் பின்களைக் கையாளும் சிப்பே மாறிவிட்டதால் அந்த நூலகம் அதில் இயங்குவதில்லை. பழைய எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துப் புதிய போர்டில் ஓட்ட முனைவோர் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

எஸ்பிஐ போலவே சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மற்றொரு முறையான ஐ2சி பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பிஎன்532 என்ற ரீடரில் சிறு சுவிட்சுகளை மாற்றி ஐ2சி, எஸ்பிஐ, சீரியல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அவற்றுள் ஐ2சியைத் தேர்ந்தால், பதில் தயாராகும்வரை கடிகாரத்தை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சிப்பின் பழக்கமும், அதைச் சரியாகக் கையாளாத பழைய ராஸ்பெரி பைகளின் குறைபாடும் ஒன்றோடொன்று மோதும். பிஎன்532 வாங்குவோர் அதைச் சீரியலில் வைத்துக்கொள்வதே மேல்.

சீரியல்: எளிமையின் பலம்

125 கிலோஹெர்ட்ஸுக்குப் பரவலாகக் கிடைக்கும் ஆர்டிஎம்6300 என்ற சிறு ரீடர், டேக் அருகே வந்தவுடன் தானாகவே அதன் எண்ணைச் சீரியல் வழியாக அனுப்பும். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 14 பைட்டுகள்: தொடக்கக் குறியாக 2, பிறகு பத்து எழுத்துகளில் டேக்கின் எண், இரண்டு எழுத்துகளில் சரிபார்ப்பு, முடிவுக் குறியாக 3. இந்த 14 பைட்டுகளும் போய்ச் சேர 15 மில்லிவினாடிக்கும் குறைவான நேரமே ஆகும். லினக்ஸ் நிரலின் வேலை, 2-இல் தொடங்கி 3-இல் முடியும் துண்டுகளை எடுத்து, ஐந்து இணை எழுத்துகளையும் எக்ஸ்ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு வேறுபடும் இடங்களைக் குறிக்கும் கணக்கு) செய்து சரிபார்ப்போடு ஒப்பிடுவது மட்டுமே. டேக் அங்கேயே இருக்கும்வரை எண் மீண்டும் மீண்டும் வரும் என்பதால், அதே எண் சில வினாடிகளுக்குள் திரும்ப வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் ஒரு பெட்டி பத்துப் பெட்டியாகக் கணக்கில் ஏறிவிடும்.

இந்த ரீடரின் மற்றொரு நற்குணம், ஆன்டெனாச் சுருள் தனியாக இரண்டு ஒயர்களில் தொங்குவது. சுருளைத் தராசின் பக்கத்தில் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் ஒட்டி, மின்சுற்றைச் சற்று ஒதுக்கமாக வைக்கலாம். ஆனால் தராசின் ஸ்டீல் தட்டுக்கு ஒட்டிச் சுருளை வைக்கக் கூடாது. உலோகம் அருகில் இருந்தால் படிக்கும் தூரம் வெகுவாகச் சுருங்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆர்டிஎம்6300 5 வோல்ட்டில் இயங்குவது. ராஸ்பெரி பையின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பங்கிட்டால் போதும் என்றாலும், அதைச் செய்யாமல் நேராகச் செருகுவது போர்டைப் பலியிடுவதாகும். இரண்டாவதாக, ராஸ்பெரி பை 3, 4 ஆகியவற்றில் தரமான சீரியல் சுற்று ப்ளூடூத்துக்கு ஒதுக்கப்பட்டு, பின்களுக்குச் சிறிய மினி யுஏஆர்டி விடப்பட்டிருக்கும். அதே வழியில் பயனர்பெயர் கேட்கும் லினக்ஸின் லாகின் கன்சோலும் அமர்ந்திருக்கக்கூடும். கன்சோலை நிறுத்தி, ப்ளூடூத்தை அணைத்து, நல்ல சுற்றைப் பின்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சிபி2102 போன்ற யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று போதும். அதற்கான டிரைவர் லினக்ஸின் உள்மையமான கர்னலிலேயே இருக்கிறது, எந்த லினக்ஸ் போர்டுக்கும் அப்படியே மாற்றிச் செருகலாம்.

எனினும் 5 வோல்ட் சீரியல் ஒயரும் நீளமாக ஓடுவதற்கானதன்று. ஐஸ் எந்திரத்தின் மோட்டார் எழும்பும்போது தூண்டப்படும் மின்துடிப்பு, ஒற்றை ஒயரில் வரும் தரவை எளிதில் கெடுத்துவிடும். இதற்குத் தீர்வு உண்டு. ஆர்எஸ்-485 பற்றிப் பேசும்போது அதைப் பார்ப்போம்.

ஒரே டேக், மூன்று எண்கள்

இணைப்பு வழியை மாற்றினால் டேக்கின் எண்ணே மாறித் தோன்றும் என்பது, நான் பார்த்த ஒப்பீடுகளில் விடுபட்டுப்போகும் விஷயம். இஎம்4100 டேக்கின் எண் 40 பிட் கொண்டது. எடுத்துக்காட்டாக ஒரு டேக்கின் எண் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 02 00 41 37 15 என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிஎம்6300 இதை 0200413715 என்று பத்து எழுத்துகளாகவே அனுப்பும். ஐந்து இணைகளையும் எக்ஸ்ஆர் செய்தால் கிடைக்கும் 61 சரிபார்ப்பாக வரும். யுஎஸ்பி கீபோர்டு வகை ரீடர் பெரும்பாலும் முதல் இணையை விட்டுவிட்டு, மீதி 32 பிட்டைப் பத்தடிமானத்துக்கு மாற்றி 0004273941 என்று தட்டச்சு செய்யும். வீகண்ட்-26 ரீடர் கடைசி 24 பிட்டை மட்டும் எடுத்து, 65 என்ற குழு எண்ணாகவும் 14101 என்ற அட்டை எண்ணாகவும் தரும். மூன்றும் ஒரே டேக்தான்.

பாம்பனில் யுஎஸ்பி ரீடரும் மண்டபத்துக் கிளையில் வீகண்ட் ரீடரும் வைத்துவிட்டு, இரண்டும் வந்தபடியே தரவுத்தளத்தில் எழுதினால், அனுப்பிய பெட்டி திரும்பியதாகக் கணக்கில் வரவே வராது. நீண்ட எண்ணிலிருந்து குறுகிய எண்ணைக் கணக்கிடலாம். குறுகியதிலிருந்து நீண்டதை மீட்க முடியாது. ஆகவே பெட்டிகளுக்கு டேக் அடிக்கும் நாளிலேயே 40 பிட் எண்ணை முழுதாகப் பதிந்து வைத்து, மற்ற வடிவங்களை அதிலிருந்து நிரலே வருவித்துக்கொள்ளும்படி செய்வது அவசியம். எந்த ரீடரை வாங்கினாலும் 40 பிட்டும் தருகிறதா என்று கேட்டு வாங்குவதற்கு இது ஒன்றே போதிய காரணம். 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்குகளிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. அங்கே சில ரீடர்கள் பைட்டுகளின் வரிசையைத் திருப்பிப் போட்டுத் தரும்.

யுஎஸ்பி கீபோர்டு வகை: மேசைக்கு ஏற்றது

செருகியவுடன் கீபோர்டாகவே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, டேக்கைக் காட்டினால் எண்ணைத் தட்டச்சு செய்து எண்டரும் அடிக்கும் ரீடர் இது. டிரைவர் வேண்டாம், சால்டரிங் வேண்டாம், மின்னழுத்தக் கவலை வேண்டாம். படகு உரிமையாளர் கணக்கப்பிள்ளையின் மேசைக்கு வந்து அட்டையைக் காட்டி ஐஸும் டீசலும் பற்று எழுதிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன்.

இதிலும் திரையில்லாத போர்டில் ஒரு நுணுக்கம் உண்டு. கீபோர்டு என்று நம்பும் லினக்ஸ், வந்த எண்களை லாகின் கன்சோலுக்குள் கொட்டிவிடும். நிரல் அந்த ரீடரை ஈவ்டெவ் என்ற உள்ளீட்டு இடைமுகம் வழியாகத் திறந்து, தனக்கு மட்டுமே உரியதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் எண்கள் வேறெங்கும் சிதறா. இரண்டு ரீடர்கள் இருந்தால் எது எது என்று குழம்பாமலிருக்க, சாதனங்களுக்குப் பெயரிடும் யுடெவ் விதியில் யுஎஸ்பி போர்ட்டின் இடத்தை வைத்துப் பெயரிட வேண்டும், ஏனெனில் ஒரே வகை ரீடர்களுக்குத் தனி அடையாள எண் பெரும்பாலும் இருப்பதில்லை.

தராசுக்கு இதைக் கொண்டுபோகலாமா என்றால், கூடாது என்பதே விடை. யுஎஸ்பி கேபிளின் வரம்பு 5 மீட்டர். நடுவே ஹப்களை வைத்து நீட்டுவோர் உண்டு. ஒவ்வொரு ஹப்பும் இரண்டு புதிய இணைப்புமுனைகளை உப்புக்காற்றுக்கு அறிமுகப்படுத்துகிறது. மோட்டார் தூண்டும் மின்துடிப்பில் யுஎஸ்பி இணைப்பு துண்டிக்கப்படுவது அறியப்பட்ட ஒன்று. போர்ட் தானாக அணைந்துபோனால், மின்காந்தக் குறுக்கீடோ என்று கேள்விக்குறி போட்டுக் கர்னலே தன் பதிவில் எழுதி வைக்கும். போதாக்குறைக்கு, யுஎஸ்பி சாக்கெட்டின் மெல்லிய தகடுகள் ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் நீடிப்பவை அல்ல.

மேசையில் பற்று எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 125 கிலோஹெர்ட்ஸ் டேக்கின் எண்ணைக் காலி அட்டையில் நகலெடுப்பது மிக எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைஃபேர் கிளாசிக் அட்டையின் பூட்டும் 2008-லேயே உடைபட்டுவிட்டது. பெட்டிக்கு யாரும் நகல் போடப்போவதில்லை. பணம் சம்பந்தப்பட்ட அட்டைக்கு, எண் வந்தவுடன் உரிமையாளரின் படம் திரையில் தோன்றும்படி செய்தால் கணக்கப்பிள்ளையின் கண்ணே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வீகண்ட்: ரீடர் நல்லது, கேட்பதுதான் கடினம்

அலுவலகக் கதவுகளுக்கு வைக்கும் ரீடர்களில் பரவலாக உள்ள வழி வீகண்ட். இதன் பெரும் கவர்ச்சி, ரீடர் ஏற்கெனவே எப்பாக்சியால் அடைக்கப்பட்டு, மழைக்கும் தூசிக்கும் தாங்கும் வகையில், கேபிள் வெளியே நீட்டியபடி வருவது. ஒயரும் 150 மீட்டர்வரை போகலாம். இருபது மீட்டரும் உப்புக்காற்றும் என்ற நம் இரண்டு கேள்விகளுக்கும் முதற்பார்வையில் இது நல்ல விடைதான்.

சிக்கல் லினக்ஸ் பக்கம். தரவு 0, தரவு 1 என்ற இரண்டு ஒயர்களில், ஏறத்தாழ 50 மைக்ரோவினாடி நீளமுள்ள துடிப்புகளாக, ஒன்றிரண்டு மில்லிவினாடி இடைவெளியில் 26 பிட்டுகள் வரும். வேறு வேலைகளுக்கும் நேரம் பங்கிடும் லினக்ஸில், பின்னின் நிலையைச் சுற்றிச் சுற்றிக் கேட்கும் பைதான் நிரல் இதில் ஒரு துடிப்பையாவது தவறவிடும். கர்னலே துடிப்பின் விளிம்புகளை இன்டரப்ட்டில், அதாவது நிகழ்ந்த கணமே, பிடித்து நேரம் குறித்து வரிசையில் வைக்கும் லிப்ஜிபிஐஓடி நூலக வழியைப் பயன்படுத்தினால் நிலைமை வெகுவாகத் திருந்தும். பீகிள்போன் பிளாக் போர்டு வைத்திருப்பவருக்கு இன்னும் நல்ல வழி உண்டு: அதன் சிப்பிலுள்ள பிஆர்யு எனும் இரண்டு சிறு துணைச் செயலிகள் லினக்ஸைச் சாராமல் 200 மெகாஹெர்ட்ஸில் தனியே ஓடுபவை, வீகண்டைக் கேட்கும் வேலையை அவற்றிடம் விட்டால் ஒரு துடிப்பும் தப்பாது. எந்த வழியானாலும் 5 வோல்ட்டை 3.3-ஆகக் குறைக்கும் சுற்று தேவை.

26 பிட்டில் எண்ணின் ஒரு பகுதியே வருகிறது என்ற குறையும் சேர்ந்துகொள்வதால், இது எனக்கு இரண்டாம் தேர்வுதான். சால்டரிங் செய்யத் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இது முதல் தேர்வாகவும் ஆகலாம்; அப்போது வீகண்ட்-34 தரும் ரீடராகப் பார்த்து வாங்கினால் 32 பிட்டாவது கிடைக்கும்.

ஆர்எஸ்-485: இந்தக் கரைக்கு இதுவே

ஆர்எஸ்-485 என்பது தனி மொழி அன்று. அதே சீரியல் தரவை இரண்டு முறுக்கிய ஒயர்களில் எதிரெதிராக அனுப்பும் முறை. ஏற்கும் முனை இரண்டு ஒயர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. மோட்டார் தூண்டும் துடிப்பு இரண்டிலும் ஒருசேர ஏறுவதால் வேறுபாட்டில் அது தெரிவதில்லை. இரு முனைகளின் எர்த்துகளுக்கிடையே சில வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் தாங்கும்: அனுமதிக்கப்பட்ட எல்லை மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர்வரை போகும் என்பதால், நம் இருபது மீட்டர் அதற்குத் திண்ணையைத் தாண்டுவது போன்றது.

ஆர்எஸ்-485 என்றால் பேசும் திசையை மாற்றுவது தலைவலி என்ற பயம் பலருக்கு உண்டு. ஆர்டிஎம்6300-இடம் நாம் எதையும் கேட்பதில்லை. அது மட்டுமே பேசுகிறது. எனவே ரீடர் பக்கம் வைக்கும், சீரியலை ஆர்எஸ்-485 ஆக மாற்றும் மேக்ஸ்485 சிப்பை நிரந்தரமாக அனுப்பும் நிலையிலும், போர்டு பக்கத்தை நிரந்தரமாகக் கேட்கும் நிலையிலும் கட்டிவிட்டால் திசை என்ற பேச்சே எழாது. ஒயர் ஒருபோதும் அந்தரத்தில் நிற்காததால் பொய்யான பைட்டுகளும் வரா. இந்த அமைப்பில் ஒரு ஜோடி ஒயருக்கு ஒரு ரீடர்தான் என்பது உண்மை. இரண்டாவது ரீடருக்கு அடுத்த ஜோடியும் இன்னொரு மாற்றியும் போட்டுக்கொள்வது, நெறிமுறை எழுதுவதைவிட மலிவானது.

ஒயருக்குச் சிசிடிவி பொருத்துபவர்கள் இழுக்கும் வெளிப்புறக் கேட்6 கேபிளே போதும். ஒரு ஜோடியில் தரவு, மற்றவற்றில் மின்சாரம். 5 வோல்ட்டை இருபது மீட்டர் அனுப்பினால் வழியில் தேய்ந்து குறையும். 12 வோல்ட்டை அனுப்பி, ரீடர் பக்கத்தில் 7805 ரெகுலேட்டரால் 5-ஆகக் குறைப்பது நல்லது. அங்கே ஸ்விட்சிங் வகை மாற்றியை வைத்தால் அதன் இரைச்சல் 125 கிலோஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் ஏறிப் படிக்கும் தூரத்தைக் குறைக்கும். ரீடர் 50 மில்லிஆம்பியருக்குள்ளேதான் இழுக்கிறது என்பதால் 7805-இன் சூடும் தொல்லையாகாது. 9600 பிட் வேகத்துக்கும் இந்தத் தூரத்துக்கும் கேபிள் முனையில் போடும் 120 ஓம் முடிவு ரெசிஸ்டர் இல்லாமலே வேலை நடக்கும். போர்டு பக்கத்தில் யுஎஸ்பி-ஆர்எஸ்485 மாற்றியை வாங்கும்போது, மின்தனிமைப்படுத்தப்பட்ட வகையைப் பார்த்து வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் கொட்டகைப் பக்கம் ஏதேனும் ஆனாலும் போர்டும் கணக்கும் தப்பும்.

இந்த வழியின் முழுப் பயனும் அடைப்பதில்தான் கிடைக்கிறது. எல்எஃப் புலம் பிளாஸ்டிக்கை ஊடுருவும் என்பதால் ரீடர் இருக்கும் பெட்டிக்குத் திறப்பே தேவையில்லை. சுருள், ஆர்டிஎம்6300, 7805, மேக்ஸ்485 எல்லாவற்றையும் ஒயரோடு சேர்த்துச் சால்டர் செய்து, சோதித்து, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து எப்பாக்சி ஊற்றி மூடிவிடலாம். வெளியே தெரிவது ஒரு கேபிள் மட்டுமே. கொட்டகைக்குள் திறந்த இணைப்புமுனை ஒன்றுகூட இராது. பார்கோடு ஸ்கேனருக்கு இந்த வாய்ப்பு இல்லை, அதற்குக் கண்ணாடி வேண்டும், செதிலும் ஐஸ்தண்ணீரும் படியும் இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். பழுதானால் திறந்து பார்க்க முடியாதே என்பவர்களுக்கு என் பதில்: இந்தப் பாகங்களின் மொத்த விலைக்கு, அதேபோல் இன்னொன்றைச் செய்து அலமாரியில் வைத்துக்கொள்வதுதான் பழுதுபார்ப்பு.

போர்டையே தராசுக்குக் கொண்டுபோனால்?

ஒயரைச் சுருக்க ரீடரை நகர்த்த முடியாவிட்டால் போர்டை நகர்த்தலாமே என்பது நியாயமான கேள்வி. போர்டையும் எஸ்பிஐ ரீடரையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தராசருகே வைத்து, அங்கிருந்து அறைக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்தால் 100 மீட்டர்வரை கவலையில்லை. ஆனால் போர்டு சூடாகும். அடைத்த பெட்டியில் அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும், வழி விட்டால் காற்றும் உப்பும் உள்ளே வரும். மின்தடையின்போது எஸ்டி கார்டு கெடும் ஆபத்தும் கொட்டகைக்கே போய்விடும். மூளையை வெயிலிலும் ஈரத்திலும் வைப்பதைவிடக் காதை மட்டும் அங்கே வைப்பது சிக்கனம். வைஃபை வழியும் இதே காரணத்தால் என் பட்டியலில் இல்லை. அதோடு, தகரக் கொட்டகை அதற்கு உகந்த இடமும் அன்று.

போர்டு அறைக்குள்ளேயே இருந்தாலும், ஜன்னல் திறந்திருக்கும் கடற்கரை அறை என்பதால் அக்ரிலிக் பூச்சு அடித்து, மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. ராஸ்பெரி பையானால் எஸ்டி கார்டின் இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் என்று அமைத்து, கணக்கைத் தனிப் பகுதியில் எழுத வேண்டும். உள்ளேயே இஎம்எம்சி நினைவகம் உள்ள பீகிள்போன் பிளாக் இந்த வகையில் சற்று நிம்மதி.

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் பெட்டிகளும் முற்றத்தில் அடுக்கிக் கிடக்கும். டேக் அடிப்பதையும் எண்களைப் பதிவதையும் முடித்துவிடலாம். நாட்டுப்படகு வரத்து தொடர்வதால் ரீடரைச் சிறு அளவில் ஓட்டிப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக, யுஎச்எஃபை நான் அடியோடு ஒதுக்கவில்லை. காலிப் பெட்டிகள் லாரி லாரியாகத் திரும்பி வரும் பெரிய கம்பெனியில், கழுவிக் காய்ந்த பெட்டிகளைத் தராசில் ஒவ்வொன்றாகக் காட்டுவது ஆள் கூலிக்குக் கட்டாது. அங்கே வாசலில் ஒரு யுஎச்எஃப் ரீடரை நிறுத்தி, ஈதர்நெட் வழியாக, ஆர்எஃப்ஐடி ரீடர்களுக்கான எல்எல்ஆர்பி நெறிமுறையில் அதே லினக்ஸ் போர்டோடு பேசவைக்கலாம். அமெரிக்க அலைவரிசைக்கு அமைக்கப்பட்டு வரும் ரீடரை 865-868 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய பிறகே இயக்க வேண்டும். அப்போதும் தராசருகே உள்ள 125 கிலோஹெர்ட்ஸ் ரீடர் அப்படியே இருக்கட்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு டேக்குகள், நிறைந்து போகும்போது ஒன்று, காலியாகத் திரும்பும்போது மற்றொன்று. தரவுத்தளத்தில் இரண்டு எண்களும் ஒரே பெட்டியின் பெயரில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் ஏற்பாடு.